அட்டை போடும் முன்

இரவு எட்டு மணி. ஏலாக்குறிச்சியில் கரண்ட் போயிருக்கிறது.

கொல்லைத் தாழ்வாரத்தில் விளிம்பு பிய்ந்த ஒரு மூங்கில் கூடை. கூடைக்குள் கொள்ளிடத்து மணல். மணலில் ஒரு இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, நாலு காய்ந்த மிளகாய். இடி இடித்தாலும் முட்டை கெடாது என்று நம்பிக்கை. மேலே வைக்கோல். வைக்கோல் மேல் ஒரு சிவப்புப் பெட்டை.

பெட்டை அடையில் உட்கார்ந்து ஐந்தாவது நாள். அடியில் பதினொரு முட்டை.

மாமியார் குந்தி உட்கார்கிறாள். கையை வயிற்றுக்கடியில் நுழைக்கிறாள். பெட்டை கொத்துகிறது. கை பின்வாங்கவில்லை. புறங்கையில் பழைய கொத்துத் தழும்புகள் ஏற்கெனவே இருக்கின்றன.

மருமகள் செல்போன் டார்ச்சைப் பிடிக்கிறாள். முட்டை வெளிச்சத்தின் மேல் உட்காருகிறது. ஓடு செம்மஞ்சளாகிறது. உள்ளே சிவப்பு நூல்கள் நாலா பக்கமும் கிளை விடுகின்றன. எல்லா நூலும் ஒரு கரும்புள்ளியில் போய்ச் சேர்கிறது. புள்ளி அசைகிறது. நிற்கிறது. மறுபடி அசைகிறது.

“கரு கூடிருச்சு” என்கிறாள் மாமியார்.

அடுத்த முட்டை. வெறும் மஞ்சள். நூல் இல்லை. புள்ளி இல்லை. அது கூமுட்டை. திண்ணை ஓரத்துக்குப் போகிறது.

பக்கத்து வீட்டுச் சிறுமி மதில் தாண்டி வந்து நிற்கிறாள். வயது ஒன்பது இருக்கும். கவுனின் கழுத்துக்கு மேல் ஒரு தழும்பின் நுனி தெரிகிறது. நேர்க்கோடு. “எனக்கும் காட்டுங்க அத்தை” என்கிறாள். அவளுக்காக அதே முட்டை இரண்டாம் முறை வெளிச்சத்துக்கு வருகிறது.

கோழிக் கருவில் இதயம் துடிக்கத் தொடங்குவது அடை வைத்த இரண்டாம் நாளில். மூன்றாம் நாள் முட்டையை உடைத்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும். அரிஸ்டாட்டில் பார்த்திருக்கிறார். கிறிஸ்துவுக்கு முந்தைய நான்காம் நூற்றாண்டில், வெண்கருவில் ஒரு ரத்தப் புள்ளி உயிருள்ளதுபோல் துள்ளுவதைக் குறித்து வைக்கிறார். அவருக்குப் பின் வந்தவர்கள் அதைத் துள்ளும் புள்ளி என்றே அழைக்கிறார்கள். இத்தாலியின் மல்பீகி நுண்ணோக்கியின் கீழ் வைத்து வரைகிறார். அவர் வரைந்த கோழிக் கருக்கள் 1673-இல் லண்டனில் அச்சாகின்றன.

மல்பீகி 1694-இல் இறக்கிறார். அந்த ஆண்டு இத்தாலியின் காஸ்திலியோனே ஊரில் பெஸ்கி என்ற பையனுக்குப் பதினான்கு வயது. 1710-இல் அவர் இந்தியாவுக்கு வருகிறார். வீரமாமுனிவர் ஆகிறார். ஏலாக்குறிச்சியில் மாதாவுக்குக் கோயில் எழுப்புகிறார். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்துக் கலம்பகம் பாடுகிறார்.

கரண்ட் வருகிறது. டார்ச் அணைகிறது. பெட்டை சிறகைத் தளர்த்தி முட்டைகளை மறுபடி மூடுகிறது.

கூடத்துச் சுவரில் மாதக் காலண்டர். மாதா படம் போட்டது. ஒரு தேதியின் மூலையில் நீலப் பேனாப் புள்ளி. மருமகள் தாளைத் தூக்குகிறாள். விரல்கணுவில் எண்ணுகிறாள். தாளை விடுகிறாள்.

நாள் தள்ளி நாலு நாள்.

கரு உருவாகி அன்றைக்குப் பதினெட்டு நாள் கணக்கு. அளவு ஒன்றரை மில்லிமீட்டர் சுமார். முகம் கிடையாது. கை கால் கிடையாது. தலை வரப்போகும் இடத்துக்கும் முன்னால் ஒரு செல் கூட்டம் லாட வடிவில் சேர்கிறது. இதயத்துக்கான செல்கள் அவை. இதயம் அப்போது நெஞ்சில் இல்லை. தலைக்கு மேலே இருக்கிறது.

பின்பு கரு மடங்குகிறது. தலை முன்னால் வளைய, இதயம் அதன் அடியில் கழுத்துக்கு வருகிறது, கழுத்திலிருந்து நெஞ்சுக்கு இறங்குகிறது. கழுத்தளவில் அதனோடு இருந்த உதரவிதானமும் சேர்ந்து இறங்குகிறது. உதரவிதானத்துக்கான நரம்பு எல்லா மனிதர்களுக்கும் இன்றும் கழுத்திலிருந்துதான் புறப்படுகிறது. இழுத்துக்கொண்டு போன தடம் அது.

நாள் தள்ளி எட்டு நாள். காலை. மருமகள் தெருக்குழாயில் குடம் வைத்திருக்கிறாள். தண்ணீர் ஒரு விரல் தடிமனில் விழுகிறது. முன்னால் மூன்று குடம், பின்னால் ஐந்து குடம். அவள் எச்சிலை விழுங்கிக்கொள்கிறாள். வாயில் புடவைத் தலைப்பு.

கருவுக்கு இருபத்திரண்டாம் நாள். இரண்டு மெல்லிய குழாய்கள் நடுவில் ஒட்டி ஒன்றாகியிருக்கின்றன. அந்த ஒற்றைக் குழாய் சுருங்குகிறது. விரிகிறது. அதற்கு நரம்பு இன்னும் வந்து சேரவில்லை. மூளையின் கட்டளை இல்லை. தசைச் செல்களே தம் தாளத்தைத் தாமே தொடங்குகின்றன. ஒழுங்காக ஓடுவதற்கு ரத்தமும் அப்போது போதவில்லை. ஓட்டம் இரண்டொரு நாளில் சீராகிறது. நூறு ஆண்டு வாழ்கிறவருக்கும் அந்தத் தாளம்தான் கடைசிவரை.

கோழிக்குஞ்சு முழு உடம்போடு ஓட்டை உடைத்து வெளியே வர 21 நாள். மனித இதயம் முதல் முறை சுருங்கவே அத்தனை நாள் ஆகிறது.

குடம் நிரம்புகிறது. இடுப்புக்கு ஏறுகிறது.

திருமானூர் மெடிக்கல் ஷாப்பிலிருந்து கணவன் ஒரு சின்ன அட்டைப்பெட்டி வாங்கி வருகிறான். சட்டைப் பையில் மடித்து வைத்து வருகிறான். அவள் வாங்கிக் குளியலறைக்குப் போகிறாள். இரண்டு கோடு. இருவரும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள். மாமியாரிடம் காட்டுகிறார்கள். மாமியாரும் ஜன்னலுக்கு எடுத்துப் போகிறாள்.

“மூணு மாசம் போவட்டும். ஊருக்கு இப்பவே சொல்ல வேணாம்.”

மூவரும் தலையசைக்கிறார்கள். பிளாஸ்டிக் துண்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால் போகிறது.

அந்த வாரம் குழாய் வளர்கிறது. இருக்கும் இடம் போதவில்லை. அதனால் வளைகிறது. எஸ் எழுத்துப்போல் வலப்பக்கம் வளைகிறது. ஏறக்குறைய எல்லோருக்கும் வலப்பக்கமே. சுமார் பத்தாயிரத்தில் ஒருவருக்கு உள்ளுறுப்புகள் இடம் வலம் மாறியிருக்கும். பக்கத்தைத் தீர்மானிப்பது கருவின் நடுவிலுள்ள ஒரு சிறு குழி. குழியில் நுண்ணிய மயிரிழைகள் சுழல்கின்றன. திரவம் இடப்பக்கமாக ஓடுகிறது. அந்த ஓட்டத்தைக் கொண்டே இடம் எது வலம் எது என்று கரு அறிகிறது. 1998-இல் டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிக் கருவில் அந்தச் சுழற்சியைப் படம் பிடிக்கிறார்கள்.

அடுப்பங்கரையில் கடுகு வெடிக்கிறது. மருமகள் கொல்லைக்கு ஓடுகிறாள். மாமியார் அடுப்பைத் தணிக்கிறாள். எலுமிச்சம்பழத்தை நறுக்கி வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்புகிறாள். எதுவும் கேட்கவில்லை.

அடையின் இருபத்தோராம் நாள். கூடைக்குள் கீச்சொலி. ஒரு ஓட்டில் ஊசி முனையளவு விரிசல். விரிசலில் ஒரு அலகு. வெள்ளைப் பொட்டு வைத்த அலகு. சிறுமி பள்ளிப்பையோடு குந்தியிருக்கிறாள். மணி ஒன்பது. அவள் எழுந்திருக்கவில்லை.

மதியத்துக்குள் எட்டுக் குஞ்சு. ஈரம் காய்ந்து பஞ்சாகின்றன.

வீட்டுக்குள் அன்றைக்குக் கருவுக்கு முப்பத்துநாலு நாள். ஒற்றைக் குழாய்க்குள் சுவர் கட்டும் வேலை நடக்கிறது.

மேலறையை ஒரு மெல்லிய திரை பிரிக்கிறது. பிரித்த திரையில் துளை விழுகிறது. அதன் பக்கத்தில் இரண்டாவது திரை. அதிலும் ஒரு துளை. இரண்டு துளையும் நேர் எதிரே இல்லை. அதனால் அது ஒரு கதவாகிறது. வலமிருந்து இடத்துக்குத் தள்ளினால் திறக்கும். இடமிருந்து தள்ளினால் மூடும். கருவின் நுரையீரலுக்கு வேலை இல்லை. பிராணவாயு நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து வருகிறது. அதனால் ரத்தம் நுரையீரலைச் சுற்றாமல் அந்தக் கதவு வழியே குறுக்கே போகிறது.

கீழறையின் அடியிலிருந்து தசைச் சுவர் எழும்புகிறது. மேலிருந்து மெத்தைபோன்ற திசுக்கள் இறங்குகின்றன. இரண்டும் நடுவில் சந்திக்க வேண்டும். ஏழாம் வார முடிவில் சந்திக்கின்றன. சந்திக்காமல் போனால் அங்கே ஓட்டை. பிறவி இதயக் கோளாறுகளில் அதிகம் காணப்படுவது அதுதான்.

வெளியேறும் பெருங்குழாயை இரண்டாக்கும் சுவர் நேராக இறங்குவதில்லை. புரி முறுக்கிய கயிறாகச் சுழன்று இறங்குகிறது. பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் ஒன்றையொன்று சுற்றி நிற்பது அதனால். அந்தச் சுவரைக் கட்டும் செல்கள் இதயத்தில் பிறந்தவை அல்ல. பின்மூளைப் பக்கத்து நரம்புக் குழாயின் ஓரத்திலிருந்து கழுத்து வழியாக நடந்து வருகின்றன. 1983-இல் அமெரிக்காவில் மார்கரெட் கிர்பி இதைக் காட்டுகிறார். கோழி முட்டையில் சன்னல் வெட்டுகிறார். அந்தச் செல்கள் புறப்படும் இடத்தை அகற்றுகிறார். முட்டையை மூடி மறுபடி சூட்டில் வைக்கிறார். கரு வளர்கிறது. இதயத்திலிருந்து வெளியேறும் குழாய் இரண்டாகப் பிரியவில்லை.

சிறுமி ஒரு குஞ்சைக் கையிலெடுக்கிறாள். நெஞ்சோடு வைத்துக்கொள்கிறாள். தழும்புக்கு மேல்.

அவள் அம்மா மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போடுகிறாள். மகளுக்கு நாலு வயதில்தான் தெரிந்தது. அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழு ஸ்டெதஸ்கோப் வைத்தது. வைத்த இடத்திலேயே ரொம்ப நேரம் வைத்திருந்தது. அதற்கு முன் அந்தப் பிள்ளை ஓடினால் மூச்சு வாங்கும், சோறு இறங்காது, எடை ஏறாது. “பூஞ்சை உடம்பு” என்று வீட்டில் சொல்லிவந்தார்கள். ஆபரேஷன் அரசுக் காப்பீட்டில் நடந்தது. இப்போது ஓட்டப் பந்தயத்தில் இரண்டாம் பரிசு. பரிசு எவர்சில்வர் டம்ளர். அதில்தான் காபி குடிக்கிறாள்.

ஆயிரம் குழந்தைகளில் எட்டு முதல் பத்துக் குழந்தைகள் ஏதோ ஒரு இதயக் குறையோடு பிறக்கின்றன.

அடைக்கல மாதா கோயில். சனிக்கிழமைக் கூட்டம். மெழுகுவத்தி விற்கும் கடைகள். பொரி, கடலை, ஜெபமாலை. ஒரு தம்பதி சிறிய மரத்தொட்டிலைக் கையில் வைத்து நிற்கிறார்கள். தொட்டிலில் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறது. கணவன் நகத்தால் சுரண்டுகிறான். பாதி வருகிறது.

மருமகளும் மாமியாரும் வரிசையில் நிற்கிறார்கள். மருமகள் மெழுகுவத்தியைப் பக்கத்துச் சுடரில் பற்ற வைக்கிறாள். அதை நிறுத்தக் கம்பித் தட்டில் இடம் தேடுகிறாள். முன்னே எரிந்தவை உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. உதடு அசைகிறது. மாமியார் கண்ணை மூடியிருக்கிறாள். மூன்று மாதம் ஆக இன்னும் இரண்டு வாரம்.

கருவுக்கு எட்டு வாரம். அளவு ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல். இதயத்தில் நாலு அறை. நாலு வால்வு. இரண்டு பெருங்குழாய். ஒரு கதவு. இனி பெரிதாக வேண்டியதுதான் பாக்கி.

செவ்வாய்க்கிழமை. ஆரம்ப சுகாதார நிலைய வராந்தா. கர்ப்பிணிகள் நாள். நீள பெஞ்சில் பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு ஒயர் கூடை அல்லது ஜவுளிக்கடைப் பை. பையில் தண்ணீர் பாட்டில், ஆதார் ஜெராக்ஸ், பேங்க் பாஸ்புக். எடை மெஷின் மேல் ஏறுவோர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறார்கள்.

மருமகளின் முறை. நர்சம்மா பேனாவைத் திறக்கிறார்.

“கடைசியா குளிச்ச தேதி?”

தேதி சொல்கிறாள். நர்சம்மா விரலால் காலண்டர் அட்டையைத் தடவுகிறார். “பன்னெண்டு வாரம் முடியப் போவுது. கரெக்டா வந்துட்ட.”

பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்தால்தான் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி தடையின்றி வரும். 18,000 ரூபாய் மதிப்பு. அதில் இரண்டு சத்துணவுப் பெட்டகமும் உண்டு. மாமியார் பாஸ்புக்கை முன்னால் நீட்டுகிறாள்.

“சொந்தத்துலயா, அசல்லயா?”

“சொந்தந்தான். அத்த மவன்.”

மாமியார் சிரிக்கிறாள். “என் அண்ணன் மவ, சிஸ்டர்.”

நர்சம்மா கட்டத்தில் டிக் அடிக்கிறார். தலை நிமிரவில்லை. தமிழ்நாட்டில் நூறு பெண்களில் 28 பேர் சொந்தத்தில் கட்டியவர்கள். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் எண் அது. நாட்டிலேயே அதிகம். சொந்தத்தில் கட்டியவர்களின் குழந்தைகளுக்கு இதயக் குறை சற்றுக் கூடுதலாக வருவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

“ரூபெல்லா ஊசி போட்டிருக்கியா?”

மருமகள் யோசிக்கிறாள். பிறகு இடக்கைக் கட்டைவிரலைக் காட்டுகிறாள். விரலில் இப்போது எதுவும் இல்லை. 2017 பிப்ரவரியில் பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிறுத்தி ஊசி போட்டார்கள். போட்டவர்களுக்கு நகத்தில் மை வைத்தார்கள். அவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ரூபெல்லா, பெரியவர்களுக்கு இரண்டு நாள் காய்ச்சல், கொஞ்சம் தடிப்பு. முதல் மூன்று மாதக் கருவுக்கு அது கண்ணையும் காதையும் இதயத்தையும் தாக்கும். ஆஸ்திரேலியாவில் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941-இல் அதைக் கண்டு சொன்னார். பள்ளிச் சிறுமிக்குப் போட்ட அந்த ஊசி எட்டு ஆண்டு கழித்து இன்னொருவரின் இதயத்துக்குக் காவல் நிற்கிறது.

நர்சம்மா எழுதுகிறார். மாத்திரை அட்டையை எடுக்கிறார். சின்ன மஞ்சள் மாத்திரை. ஃபோலிக் அமிலம். “தினம் ஒண்ணு. மறக்காத.”

முதுகுத்தண்டும் மூளையும் ஒழுங்காக மூடிக்கொள்ள அந்தச் சத்து வேண்டும். நரம்புக் குழாய் மூடுவது கருவின் இருபத்தெட்டாம் நாள். அந்த நாள் கடந்து ஆறு வாரம் ஆகிறது.

கர்ப்பிணி அட்டை தயார். புது அட்டை. கண்ணாடித் தாள் உறை. மருமகள் அதைப் பைக்குள் வைக்கிறாள். மறுபடி வெளியே எடுத்துத் தன் பெயரைப் பார்க்கிறாள். உள்ளே வைக்கிறாள்.

உள்ளறையில் ஜெல் தடவுகிறார்கள். கையடக்க டாப்ளர் கருவி வயிற்றின் மேல் ஊர்கிறது. முதலில் இரைச்சல். பிறகு தாயின் நாடி, நிதானமாக. கருவி கொஞ்சம் கீழே நகர்கிறது. இன்னொரு சத்தம். அதைவிட இரண்டு மடங்கு வேகம். நிமிடத்துக்கு நூற்றறுபது.

“இதுதான்” என்கிறார் நர்சம்மா.

மாமியார் வாசலிலேயே நிற்கிறாள். இரண்டு கையும் கதவுச் சட்டத்தில். அன்று மாலை தெருவில் ஏழு வீட்டுக்குச் செய்தி போகிறது.

இருபதாம் வாரம். தஞ்சாவூருக்கு ஸ்கேன். பஸ் திருமானூரில் நின்று கிளம்புகிறது. கொள்ளிடம் பாலம். நடுவில் மணல் திட்டு, ஓரத்தில் தண்ணீர். திருவையாறு. பிறகு காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு. ஒவ்வொரு பாலத்திலும் பஸ் குலுங்குகிறது. ஒவ்வொரு முறையும் அவள் வயிற்றில் கை வைக்கிறாள்.

ஸ்கேன் சென்டர் சுவரில் பலகை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் சட்டப்படி குற்றம். 1994-இன் சட்டம். பலகைக்குக் கீழே தண்ணீர் கேன். எல்லோரும் குடிக்கிறார்கள். சிறுநீர்ப்பை நிறைய வேண்டும் என்று முதல் மாதங்களில் சொன்னதை இன்னும் நம்புகிறார்கள்.

இருட்டறை. டாக்டர் தலையைக் கடக்கிறார். முதுகைக் கடக்கிறார். வயிறு, சிறுநீரகம், தொடை எலும்பு. நெஞ்சில் நிற்கிறார். திரை உறைகிறது. நகர்கிறது. உறைகிறது. நாலு அறைக் காட்சி. பிறகு வெளியேறும் குழாய்கள். ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றனவா என்று பார்க்கிறார். பட்டனை அழுத்துகிறார். சிவப்பும் நீலமும் திரையில் பாய்கின்றன. நடுக்கதவில் நீலம் குறுக்கே போகிறது. போக வேண்டும்.

டாக்டர் பேசாத ஒவ்வொரு நொடியும் மருமகள் கூரையைப் பார்க்கிறாள். கூரையில் ஒரு ஏசி ஓட்டை, டேப் ஒட்டியது.

“ஹார்ட் நல்லாருக்கும்மா.”

அவள் மூச்சு விடுகிறாள். ஜெல்லைத் துடைக்க டிஷ்யூ கொடுக்கிறார்கள். அந்தத் தாளால் முதலில் கண்ணைத் துடைக்கிறாள்.

பிரசவ அறை. பின்னிரவு. குழந்தை அழுகிறது. அந்த முதல் அழுகையில் நுரையீரல் விரிகிறது. ரத்தம் அதற்குள் பாய்கிறது. இடப்பக்க மேலறையில் அழுத்தம் ஏறுகிறது. எட்டு மாதமாய்த் திறந்திருந்த கதவு சாத்திக்கொள்கிறது. நான்கில் ஒருவருக்கு அது முழுதாக ஒட்டாமலே ஆயுள் முழுக்க இருந்துவிடுகிறது. பெரும்பாலும் தெரிவதுமில்லை. பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைத்த குறுக்குக் குழாய் இரண்டு மூன்று நாளில் சுருங்கி மூடுகிறது.

மறுநாள் குழந்தையின் பாதத்தில் ஒரு சின்னக் கிளிப். சிவப்பு விளக்கு. நர்ஸ் எண்ணைப் பார்க்கிறார். தொண்ணூற்றெட்டு. கிளிப்பைக் கழற்றி அடுத்த கட்டிலுக்குப் போகிறார். ஸ்கேனில் தப்பிய சில குறைகளை அந்தக் கிளிப் பிடித்துவிடும். செலவு ஏறக்குறைய இல்லை. எல்லாப் பிரசவ வார்டிலும் எல்லாக் குழந்தைக்கும் அது வைக்கப்பட வேண்டும்.

நர்சம்மாவின் பையில் இன்னொரு பதிவேடு இருக்கிறது. தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. கல்யாணமாகி வந்த பெண்ணின் பெயர் அட்டை போடும் முன்பே அதில் ஏறுகிறது. பெயர், வயது, கணவர் பெயர், கல்யாணத் தேதி. ஏலாக்குறிச்சித் தெருக்களில் அந்தப் பதிவேட்டோடு அவர் வீடு வீடாகப் போகிறார்.

ஃபோலிக் அமில மாத்திரையைக் கரு தரிப்பதற்கு ஒரு மாதமாவது முன்பே தொடங்க வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விதி. சர்க்கரை இருக்கிறதா என்று அளந்து அடக்க வேண்டியதும் அப்போதுதான். ரூபெல்லா ஊசி விட்டுப்போயிருந்தால் போடக்கூடிய கடைசி வாய்ப்பும் அதுவே. மூன்று மாதம் ரகசியம் காக்கும் வீடுகளில் இதயம் அந்த மூன்று மாதத்துக்குள் கட்டி முடிந்துவிடுகிறது. மஞ்சள் மாத்திரை அட்டையோடு வருவது தாமதம். அது தம்பதியர் பதிவேட்டோடு வர வேண்டும்.